பிஸ்கட்டுக்குத் துணையாக ஒரு தியாகி

கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தபோது கர்டிஸுக்கு ஞானம் பிறந்தது. இந்தக் குளிர்கால விடுமுறையில் யூட்டாவிலிருந்து அரிசோனா வரை எத்தனை பாலைவனப் பூங்கா உண்டோ அத்தனையையும் பார்த்துவிடுவான். ஆனால் காரைவிட்டுக் கால் கீழே வைக்க மாட்டான்.

பயணத் திட்டம் அவன் மனைவி ரோவீனாவுடையது. பாறையைக் கண்டால் அவளுக்கு ஏற வேண்டும், பள்ளத்தைக் கண்டால் இறங்க வேண்டும். கர்டிஸோ நெப்ராஸ்காவில் பிறந்து வளர்ந்தவன். அங்கே மேடு என்றால் மக்காச்சோளக் குவியல்தான், அதில் யாரும் யாரையும் ஏறச் சொல்வதில்லை. போதாக்குறைக்கு ஆண்டுக் கடைசி என்பது கல்லூரிக் கால்பந்து வாரம். டிவி முன்னால் முடியாவிட்டால் ரேடியோ முன்னாலாவது பக்தியோடு உட்கார்ந்திருக்க வேண்டிய வாரம். அதில் போய் மலையேறு என்றால் எந்த நெப்ராஸ்காக்காரனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

வீட்டில் பிஸ்கட் என்று ஒரு நாய் இருந்தது. காது தரையில் புரளும், வயிறும் ஏறக்குறைய அப்படித்தான். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. காரில் தனியாகப் பூட்டிவிட்டுப் போவதும் நடக்காத காரியம். ஆக, குடும்பம் மலையேறும்போது ஒரு ஜீவன் நாயோடு கீழே இருந்தாக வேண்டும். பூங்கா விதிகளில் இதைப் படித்தபோது கர்டிஸ் பிஸ்கட்டின் நெற்றியில் முத்தமிட்டான். நாய்க்கு பிஸ்கட் போட்டு வழிக்குக் கொண்டுவருகிறவர்கள் உலகத்தில் ஏராளம். பிஸ்கட்டைப் போட்டுப் பெண்டாட்டியை வழிக்குக் கொண்டுவரக் கிளம்பியவன் இவன் ஒருவன்தான்.

நாயைத் தன் தங்கை வீட்டில் விட்டுவிடலாம் என்றாள் ரோவீனா. கர்டிஸ் பொங்கி எழுந்தான். வாயில்லாப் பிராணியைத் தவிக்கவிட்டுப் போய்ப் பாறை பார்ப்பது ஒரு பிழைப்பா, நாளைக்கு நம் பிள்ளைகள் டெஸ்ஸாவையும் மைலோவையும் இப்படித்தான் விட்டுவிட்டுப் போவோமா என்று கண் கலங்கப் பேசினான். கண்ணில் விழுந்தது விளக்கு மாட்டியபோது பறந்த தூசி என்றாலும் நல்ல சமயத்தில் விழுந்தது. ரோவீனா மகள் டெஸ்ஸாவைப் பார்த்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் டெஸ்ஸா அம்மாவைப் பார்த்தாள்.

"சரி, கூட்டிட்டு வா," என்றாள் ரோவீனா.

இத்தனை சீக்கிரம் அவள் எதற்கும் சரி என்றதில்லை. கர்டிஸ் அதைத் தன் பேச்சின் மகிமை என்று எடுத்துக்கொண்டான்.

முதலில் போனது ஆர்ச்சஸ் பூங்கா. சிவப்புப் பாறை வளைவுகளின் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் இருந்த பலகையை கர்டிஸ் அப்போதுதான் பார்ப்பவன் போலப் படித்தான்.

"அடடா, நாய்க்கு அனுமதி இல்லையாமே."

"அப்ப என்ன பண்றது?" என்றாள் ரோவீனா.

"நீங்க மூணு பேரும் போங்க. நான் இவனோட இருக்கேன். என்னைப் பத்தி யோசிக்காதீங்க."

"யோசிக்கல," என்றாள் அவள். அதற்குள் பனியில் வழுக்காத முள்பட்டையைக் காலணியில் மாட்டி முடித்திருந்தாள்.

அவர்கள் தலை மறைந்ததும் கர்டிஸ் சீட்டைச் சாய்த்தான். கழுத்து வரை கம்பளி, கையில் ஹாம் சாண்ட்விச், காதில் ஆட்டம். பிஸ்கட் காலடியில் குறட்டை விட்டது. தியாகம் இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் கல்யாணமான நாளிலிருந்தே செய்திருப்பான்.

அடுத்து கேன்யன்லேண்ட்ஸ். அங்கேயும் அதே தியாகம். ஆனால் மூன்று பேரும் திரும்பி வரும்போது கன்னம் சிவக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். ஒரு காக்கை என்றார்கள், மைலோவின் சாண்ட்விச் என்றார்கள். அதற்குமேல் யாருக்கும் பேச வரவில்லை. சின்னவன் மைலோ சிரித்துச் சிரித்து விக்கலே எடுத்தான்.

"என்னடா ஆச்சு? சொல்லுங்களேன்."

"சொன்னா வராதுப்பா," என்றாள் டெஸ்ஸா. "பாத்திருக்கணும்."

சாயங்காலம் ஓர் உணவகத்தில் உட்கார்ந்தார்கள். பரிமாறும் பெண் வந்து, சாண்ட்விச் ஏதாவது வேண்டுமா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். மூன்று பேரும் மேஜையில் கவிழ்ந்து சிரித்தார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கர்டிஸுக்கும் புரியவில்லை. அவளாவது பரிமாற வந்தவள், இவன் பெற்றவன். தட்டில் இருந்த மாமிசத் துண்டு அன்றைக்கு அவனுக்கு ருசிக்கவே இல்லை.

மறுநாள் காலை அவன் மெல்லத் தூண்டில் போட்டான். ரோவீனா களைத்துத் தெரிகிறாள், இன்றைக்கு ஒரு நாள் அவள் காரில் காலை நீட்டிப் படுக்கட்டும், பிள்ளைகளைத் தான் கூட்டிப்போகிறேன் என்றான்.

"உன் முழங்கால் என்னத்துக்கு ஆகும்?" என்றாள் அவள் மிகுந்த அக்கறையோடு. "அதோட பிஸ்கட் உன்னை விட்டு இருக்காது. நீதானே அதைக் குடும்பத்துல ஒருத்தன்னு சொன்ன."

போய்விட்டார்கள். கர்டிஸ் ரேடியோவைப் போட்டான். அவன் அணி தோற்றுக்கொண்டிருந்தது. பிஸ்கட் காற்றைப் பிரித்தது. கண்ணாடியை இறக்கினால் குளிர், ஏற்றினால் பிஸ்கட். தூரத்துப் பாறையில் மூன்று புள்ளிகள் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. தன் வீட்டு ஆட்கள் தானில்லாமல் இத்தனை சந்தோஷமாக இருப்பதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

பக்கத்து வண்டியில் ஒஹையோக்காரன் ஒருவன் மடியில் குட்டை நாயோடு சாய்ந்திருந்தான். அவனும் இதே தொழில்தான். கர்டிஸைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கி, ஒரே இனம் என்ற உரிமையில் எச்சரித்தான்.

"பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் பக்கம் மட்டும் போயிடாதீங்க. அங்க பாதையெல்லாம் நாயைக் கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போகலாம். போன வருஷம் நான் வசமா மாட்டிக்கிட்டேன். நடக்கவே வெச்சுட்டாங்க."

கர்டிஸுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அரிசோனா எல்லை தாண்டியதும் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் போகலாம் என்றான். அது திட்டத்தில் இல்லை என்றாள் ரோவீனா. அங்கே என்ன இருக்கிறது, மரம் கல்லாகிக் கிடக்கிறது, அவ்வளவுதான் என்றாள். கல் வேண்டாம் என்று அவள் வாயால் கேட்பது இதுவே முதல் தடவை. "அம்மா, அங்க நாய்..." என்று ஆரம்பித்த மைலோவை டெஸ்ஸா முழங்கையால் இடித்தாள். கர்டிஸ் எதையும் கவனிக்கவில்லை. ஸ்டியரிங் அவன் கையில் இருந்தது, திருப்பிவிட்டான்.

அன்றைக்கு அவன் நடந்தான். ஒரு கையில் பிஸ்கட்டின் கயிறு, மறு கையில் மைலோவின் கை. மூச்சு வாங்கியது, வாய் மட்டும் ஓயவில்லை. இதுவா மரம், பார்த்தால் கல் மாதிரியே இருக்கிறதே என்றான். கல்லேதான் என்று பலகையில் எழுதியிருப்பதை டெஸ்ஸா காட்டினாள். காரில் கேட்ட ஆட்டங்களை ஒவ்வொரு புள்ளியாக ஒப்பித்தான். ஷூ கடிக்கிறது என்றான். எல்லாரும் சேர்ந்து நில்லுங்கள், படம் எடுக்கலாம் என்று வளைவுக்கு வளைவு நிறுத்தினான். மைலோ ஒரு மானைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிய நாள் முதல் ஏங்கிக்கொண்டிருந்தான். புல்வெளி ஓரத்தில் ஒரு கூட்டமே நின்றது. ரோவீனா உதட்டில் விரல் வைத்து எல்லாரையும் உட்காரச் சொன்னாள்.

"டேய் மைலோ, அதோ மான்!" என்றான் கர்டிஸ்.

மான்கள் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டன.

காருக்குத் திரும்பியபோது அவன் முகம் பூரித்திருந்தது. அடுத்த பாதையும் போகலாம் என்றான். அன்பு மிகுந்துபோய், மறைக்க ஒன்றுமில்லை என்று தோன்றிவிட்டது.

"ரோவீனா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. பிஸ்கட்டை நான் கூட்டிட்டு வந்ததே கார்ல உக்காந்து ஆட்டம் கேக்கத்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சரின்னு சொன்ன?"

"தெரிஞ்சதாலதான் சொன்னேன். போன வருஷம் கொலராடோ மலைக்கு நீ கூட வந்தியே. உச்சிக்குப் போறதுக்குள்ள 'இன்னும் எவ்ளோ தூரம்'னு கேட்டுக்கிட்டே வந்த பாரு, வீட்டுக்கு வந்தப்புறமும் ரொம்ப நாள் எனக்குக் கனவுல கேட்டுச்சு."

கர்டிஸ் ஆதரவுக்குப் பிள்ளைகளைப் பார்த்தான். டெஸ்ஸா மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைலோ குனிந்து, அவிழாத ஷூ நாடாவைக் கட்டினான்.

"அப்ப அடுத்த பாதைக்கு நான் பேசாம வர்றேன். பேசவே மாட்டேன். வரலாம்ல?"

ரோவீனா அவனைப் பிரியமாகத்தான் பார்த்தாள். முன் சீட்டில் உட்காரவைத்தாள். கம்பளியைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்தினாள். ரேடியோவில் ஆட்டத்தைத் தேடிப் பிடித்து வைத்தாள். பிறகு அவன் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டாள். பிஸ்கட் வாலை ஆட்டியபடி அவளோடு கிளம்பியது.

"நாய் வரலாம்னு மட்டும்தான் சொல்லியிருக்காங்க, கர்டிஸ்."