நேரே போகத் தெரியாதவர்

மனிதர்களில் ஓர் இனம் இருக்கிறது, வாசகரே: நேரே போகத் தெரியாத இனம். விமானச் சீட்டு என்றதும் நமக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் நினைவுக்கு வரும். இவர்களுக்கோ வழியில் இறங்கக்கூடிய ஊர்களெல்லாம் வரும். வாவிக்கரை ஊரான நாவற்குடாவில் இந்த இனத்தின் தலைமகன் உதயரூபன். வங்கியில் வேலை.

கடனட்டையில் செலவழித்து, விமானச் சீட்டுக்கு உதவும் மைல் புள்ளி சேர்ப்பதுதான் அவருக்கு மூச்சு. சீமெந்துக் கடையில் நீங்கள் காசை நீட்டினால், பின்னாலிருந்து ஒரு கை வரும். "தம்பி, காச எனக்கிட்டத் தா. நான் என்ட கார்டில போடுறன்." உங்கள் வீட்டில் மதில் எழும்பும், அவர் கணக்கில் மைல் எழும்பும்.

டொரொன்டோவில் மகள் விதுர்ஷாவுக்குத் தலைப்பிள்ளைப் பேறு நெருங்கியது. "அம்மா, நோவு வாறதுக்குள்ள வந்திருங்க" என்று அழுதாள். மனைவி கேதீஸ்வரி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூள் இடித்துப் பொதி கட்டினாள். உதயரூபன் மைலிலேயே சீட்டுப் போட்டார்: கொழும்பிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து இஸ்தான்புல், பிறகுதான் கனடா.

"இஞ்சப் பாருங்க, கனடா மேற்கால கிடக்கு. நாம ஏன் கிழக்கால போறம்?"

"ஒரு நாளைக்குள்ள இறங்கி ஏறினா அது ட்ரான்சிட், கேதீஸ். ஊர் பாக்கிறதுக்குக் காசில்ல!"

"அதுக்குள்ள புள்ள பிறந்திட்டா?"

"தலைப்புள்ள பிந்தித்தான் வரும்."

வங்கிக்காரர் சொன்ன வைத்தியம்!

சிங்கப்பூரில் கேதீஸ்வரி பொதியை மடியில் வைத்தபடி விமான நிலையத்திலேயே இருந்துகொண்டாள். இஸ்தான்புல்லில் கடலோரம் பாண் ரொட்டிக்குள் பொரித்த மீனை வைத்துக் கொடுத்தார்கள். ஒரு கடி கடித்தாள். "நம்மட வாவி மீனுக்குக் கிட்டவும் வராது" என்றாள். இன்னொன்று வாங்கச் சொன்னாள். பிறகு படகேறி மறுகரை, திரும்ப இக்கரை, மீண்டும் மறுகரை. முந்தானை பறக்க, கல்யாணமான புதிதில் சிரித்ததுபோலச் சிரித்தாள். அப்போதுதான் கைபேசி அடித்தது. மருமகன் கோகுலராஜ்.

"மாமி, நோவு தொடங்கிட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறம்."

உதயரூபன் விமான நிலையத்துக்கு ஓடினார். முன்னதாகப் புறப்படும் விமானத்தில் இரண்டு இடம் கேட்டுக் கெஞ்சினார். மைல் சீட்டை மாற்ற முடியாது என்று அங்கிருந்த பெண் புன்னகையோடு சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் நேரே போக ஆசைப்பட்டார். கனடா வரைக்கும் கேதீஸ்வரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டொரொன்டோவில் கதவைத் திறந்தது யார்? விதுர்ஷாவேதான். வயிறு இறங்காமல் அப்படியே இருந்தது.

"பொய்நோவாம், அம்மா. வீட்ட போய் இரிக்கச் சொல்லிட்டாங்க."

கேதீஸ்வரி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "உங்கட பேரப்புள்ளதானே! அதுவும் ட்ரான்சிட்டில நிக்குது."

அடுத்த கிழமை பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் அவனை மடியில் வைத்துக்கொண்டு கேதீஸ்வரி மெல்லக் கேட்டாள்:

"ஏங்க, திரும்பிப் போகக்குள்ள ஜப்பானில இறங்கேலாதா?"

பார்த்தீர்களா? இது தொற்றும், வாசகரே. உங்களுக்குத் தொற்றவில்லை என்கிறீர்கள். சந்தோஷம். அப்படியானால் கைபேசியில் என்ன தேடுகிறீர்கள்? உங்கள் கடனட்டையில் எத்தனை புள்ளி என்றா? முதலில் அதைக் கீழே வையுங்கள்.

சரி, எத்தனை என்றுதான் சொல்லுங்களேன்.