கன்னையா மெஷினுக்குப் பல் முளைத்த கதை

வானமே இடிந்து விழுந்தாலும் இந்த வாரம் முடிவெடுத்தே தீருவது என்று கன்னையா சபதம் போட்டார். கிள்ளான் வீட்டுக் கார் போர்ச்சில் அவரே கட்டிக்கொண்டிருந்த சிஎன்சி மெஷின், கம்ப்யூட்டர் சொன்ன கோட்டில் பலகை அறுக்கப்போகிறது. எட்டடி நீளம். அதன் அறுக்கும் தலையை முன்னும் பின்னும் இழுக்க எதைப் போடுவது என்று மாதக்கணக்காக இவர் தலை சுற்றிக்கொண்டிருந்தது. கார் பாவம், ரோட்டில் கிடந்தது.

மழையில் கேட்டைத் தள்ளிக்கொண்டு, பாசாரில் காய்கறி வாங்கிய பைகளோடு நனைந்து வந்தாள் மனைவி தனலெட்சுமி. தானாகத் திறக்கும் ஆட்டோகேட் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனவள்.

"ஏங்க, மெஷினுக்கு பெல்ட்டு போதாதா?"

கன்னையாவுக்குச் சிரிப்பு வந்தது. "பெல்ட்டு இழுபடும்லா. நீள ஸ்க்ரூ போட்டா நடுவுல ஆடும். பல்லு வச்ச இரும்புப் பட்டைதான் சரி. மோட்டர் சக்கரம் அதைக் கடிச்சுக்கிட்டே ஓடும். எவ்வளவு கனமானாலும் இழுக்கும்."

"நம்ம கேட்டு கனம் இழுக்குமா?"

"கண்ண மூடிக்கிட்டு இழுக்கும்."

"எனக்கு நம்பிக்கை இல்லலா."

இது போதாதா? வீம்புக்குப் பிறந்தவர் கன்னையா. செராஸ் வரை போய்ப் பட்டையும் மோட்டரும் வாங்கிவந்தார். வேலைக்கு இடம் வேண்டுமென்று மெஷின் சட்டத்தைச் சுவரோரம் நிமிர்த்திவைத்தார். கேட்டில் பட்டையைத் திருகாணி போட்டு இறுக்கினார். மோட்டரைத் தரையில் வைத்தார்.

"மோட்டர் ஆடினா டெஸ்ட் சரியா வருமா? சிமெண்ட் போட்டுடுங்க" என்றாள் தனலெட்சுமி.

நியாயமான பேச்சு. போட்டார். அது காய்ந்ததும் சுவிட்சை அமுக்க, கேட் சத்தமில்லாமல் நகர்ந்தது. கன்னையாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பரவாயில்லையே. ஆனா பக்கத்துல நின்னு அமுக்கினாத்தான் ஓடும் போல."

"யாரு சொன்னா?" மறுநாளே ரிமோட்டும் வந்தது.

டெஸ்ட் முடிந்தது, இனி எல்லாவற்றையும் மெஷினில் பூட்டவேண்டியதுதான் என்று அன்று மாலை ஸ்பேனரோடு வாசலுக்கு வந்தார். கேட் தானாகத் திறந்தது. கொட்டுகிற மழையில் கார் உள்ளே வந்து, மெஷின் இருந்த இடத்திலேயே நின்றது. தனலெட்சுமி ஒரு சொட்டு நனையாமல் இறங்கினாள். ரிமோட் அவள் சாவிக்கொத்தில் தொங்கியது.

கன்னையா ஸ்பேனரால் கேட்டைக் காட்டினார். "தனம், இதைக் கழட்டணுமே. மெஷினுக்கு என்ன பண்றது?"

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேங்க, அதுக்கு பெல்ட்டு போதும்னு."