வயலின் சிநேகிதி

அளந்து பார்க்காமல் அனுப்புவதில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். எந்தப் பிள்ளை தடம் மாறும், எது மாறாது என்று கேள்வித்தாள் கொடுத்து அளப்பதுதான் அவருக்கு ஆபீஸ் வேலை. ஊரார் பிள்ளைகளையெல்லாம் அளந்தவர், சொந்த மகளை மட்டும் அளக்காமல் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பிவிடுவாரா?

ஆடுகிற மேஜையின் மேல் தாளை விரித்தார். எதிரே பதினான்கு வயது மகள். பெட்டி கட்டியாகிவிட்டது, அப்பாவின் கையெழுத்துதான் பாக்கி.

"ரூம் கதவைச் சாத்திக்கிறியா?"

"சாத்தலைன்னா நீங்க உள்ள வந்து அளப்பீங்களேப்பா."

"ஆபத்து ஒண்ணு. போனைப் பார்த்துத் தானா சிரிக்கிறியா?"

"நீங்க அனுப்புற காலை வணக்கப் படத்தைப் பார்த்துதான்."

"ஆபத்து ரெண்டு."

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். "என்னங்க, அவ பொய் சொன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல அவர் நிமிர்ந்தார்.

"நடுவுல ஒரு பொறி வெச்சிருக்கேன்ல! 'ஜிங்கோடால் மாத்திரை போட்டதுண்டா?' அப்படி ஒரு மாத்திரையே உலகத்துல கிடையாது. நானே கட்டிவிட்ட பேரு. ஆமான்னு எவன் சொல்றானோ அவன் புளுகன். அவன் தாள் மொத்தமும் செல்லாது!"

"அடேங்கப்பா, என்ன மூளை!"

மனைவி பாராட்டினால் உஷாராக வேண்டும் என்பது கல்யாணமான புதிதிலேயே அவர் கற்ற பாடம். என்ன செய்வது, காது குளிர்ந்துவிட்டதே.

"ஆபத்தை மட்டும் அளந்தா ஒத்தைத் தட்டுத் தராசு மாதிரி இல்லையா? பிள்ளையைக் காக்குறது எதுன்னும் பார்ப்பீங்கதானே?"

"பின்னே? அதுக்குத்தான் பெத்தவங்க பகுதி. பிள்ளையோட சிநேகிதங்களை அப்பா தெரிஞ்சு வெச்சிருக்கணும். அதுதான் பெரிய கவசம்."

"அப்ப நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க." தாள் கை மாறியது. "இவ எந்தப் பிரிவுல படிக்கிறா?"

"அது வந்து... நல்ல பிரிவு."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"போகட்டும். இவளோட நெருங்கின சிநேகிதி யாரு?"

"அதான், கண்ணாடி போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு பேசுமே, அந்தப் பொண்ணு."

"அது எங்க டீச்சர்பா!"

கவசத்தில் காற்று புகுவது அவருக்கே தெரிந்தது. மனைவிக்கு இரக்கம் வந்துவிட்டது போலிருந்தது.

"சரி, சுலபமாவே கேக்குறேன். போன வாரம் வீட்டுக்கு வந்தாளே, வயலின் வாசிக்கிற சிநேகிதி, அவளையாவது தெரியுமா?"

மூழ்குகிறவருக்குக் கட்டை கிடைத்தது.

"தெரியாமலா! தங்கமான பொண்ணு. கூட உக்காந்து எவ்வளவு நேரம் பேசினேன்! என்ன நீளமான விரல் அதுக்கு! 'விடாம பழகும்மா'ன்னு தைரியம் சொன்னதே நான்தான்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளைப் பார்த்தாள்.

"அப்பா, எனக்கு வயலின் வாசிக்கிற சிநேகிதியே கிடையாதுப்பா."

"அவளும் நானே கட்டிவிட்ட ஆளுதாங்க," என்றாள் மனைவி.

 திறந்த வாயை அவர் மூடுவதற்குள் மகள் அனுமதிச் சீட்டையும் மூடி கழற்றிய பேனாவையும் நீட்டியிருந்தாள். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

"நிஜமா யாரும்மா உன் சிநேகிதி?" என்றார், சின்னக் குரலில்.

"போயிட்டு வந்து கூட்டிட்டு வர்றேன்பா. பேசுங்க."

மனைவி அந்தக் கேள்வித்தாளை நான்காக மடித்து, மேஜைக் காலுக்கு அடியில் செருகி, மேஜையை அசைத்துப் பார்த்தாள்.

"செல்லாத தாளா இருந்தாலும் ஆட்டம் நின்னுடுச்சு பாருங்க."