நட்டஈட்டு விசாரணைக்கு நான் கொண்டுபோன கல்யாண வீடியோ

ஒரு குடும்பத்தைத் தலைகுனிய வைக்க வேண்டுமென்றால், அதில் ஒருத்திக்கு ஆறு வாரம் வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை கொடுத்தால் போதும். எங்கள் குடும்பத்தில் அந்த ஒருத்தி நான். தொண்ணூறுகளின் நடுவில், நியூசிலாந்தின் ஹென்டர்சனில், எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கடிதத்தின் மேலே திகதி அடிப்பேன், கீழே 'தங்கள் உண்மையுள்ள' அடிப்பேன், நடுவில் வருவதை வேறு யாராவது சொல்லுவார்கள். ஆறு வாரம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, நியூசிலாந்துச் சட்டம் முழுவதும் என் விரல் நுனியில் இருப்பதாக ஒரு நினைப்பு. (விரல் நுனியில் உண்மையில் இருந்தது எழுத்துப்பிழை அழிக்கிற வெள்ளை மை.)

என் அக்கா ஜெசிந்தாவின் கணவர் அருள்தாஸ் அத்தான், சமையலறை அலுமாரி செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒருநாள் பலகை அடுக்குச் சரிந்து அவருடைய வலது தோளில் விழுந்தது. வேலையில் அடிபட்டால் முதலாளியோடு வழக்காடத் தேவையில்லை, சம்பளத்தின் பெரும்பகுதியை வாராவாரம் நட்டஈட்டு அலுவலகம் தரும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அலுவலகமோ, இது விபத்தில் வந்த வலி இல்லை, பழைய தேய்மானம் என்று எழுதிவிட்டது. அந்தக் கருத்தை அது மாற்றிக்கொள்ள எட்டு மாதம் பிடித்தது.

அந்த எட்டு மாதமும் அத்தானின் தோளைப் பார்த்துக்கொண்டவர் மீனாட்சி. மதுரைக்காரர், பிசியோதெரபிஸ்ட், சான்ட்ரிங்ஹாமில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அறை எடுத்துப் புதிதாகத் தொழில் தொடங்கியிருந்தார். அத்தானிடம் காசு கேட்கவில்லை. ஒரு தாளில் மட்டும் கையெழுத்து வாங்கினார். அலுவலகத்திலிருந்து நிலுவைப் பணம் வரும்போது அவருடைய கட்டணத்தை முதலில் கழித்துக்கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டத்தில் இதற்குப் பற்றுரிமை என்று பெயர். இந்தச் சொல்லை நான் அந்த ஆறு வாரத்தில் இரண்டு முறை அடித்திருக்கிறேன், அதனால் எனக்கு எல்லாம் தெரியும்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அலுவலகம் மனமிரங்கியது. வாராந்தப் பணம் வரத் தொடங்கியது. நிலுவை வரப்போகிறது என்ற நேரத்தில் மீனாட்சியின் கட்டணப் பட்டியலும் வந்தது. நாற்பத்தொரு நாள் சிகிச்சை. அக்கா அதைச் சமையலறை மேசையில் விரித்து, ஒவ்வொரு திகதியாக விரல் வைத்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இஞ்ச பார். இது ரோசியின்ர கலியாண நாளெல்லே?"

ரோசி எங்கள் சித்தப்பாவின் மகள். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். அதே சனிக்கிழமை.

"அண்டைக்கு முழுக்க இவர் எங்களோட எல்லே நிண்டவர்," என்றாள் அக்கா. "பூ எடுக்க மட்டும்தான் விடிய வெளியில போனவர். அந்தப் பெட்டை பொய் எழுதி வைச்சிருக்கிறாள்."

அத்தான் இடது கையால் பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டிருந்தார். "விடப்பா. ஒரு நாள்தானே. குடுத்திட்டுப் போவம்."

விடுவதற்கு நான் ஆளா? "ஒரு நாள் பொய்யெண்டால் நாப்பத்தொரு நாளும் பொய், அத்தான். சட்டம் அப்பிடித்தான் பாக்கும்," என்று அறிவித்தேன். (அப்படி ஒரு சட்டம் எந்த நாட்டிலும் இல்லை.)

"அதுக்கு ஆதாரம் வேணுமே," என்றாள் அக்கா.

"கலியாண வீடியோ இருக்குத்தானே. மூலையில திகதி போட்டிருக்கு."

அத்தானின் கத்தி பாணின் நடுவில் நின்றது. "அந்த வீடியோக் கொப்பி வேண்டாம் பிள்ளை. குடும்பத்துக் கலியாணத்தைக் கொண்டுபோய்க் கந்தோரில காட்டுறதே?"

அடக்கமான மனிதர், கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே ஆட்சேபக் கடிதம் அடித்து அனுப்பினேன். திகதியும் 'தங்கள் உண்மையுள்ள'வும் மிகவும் திருத்தமாக இருந்தன. இரண்டு தரப்பும் நேரில் வரட்டும், தீர்ப்பாகும்வரை நிலுவை தரமாட்டோம் என்று அலுவலகம் பதில் போட்டது.

கசெட்டைப் பார்க்காமல் கொண்டுபோனேன் என்று யாரும் சொல்ல முடியாது. பார்த்தேன். மணமகளின் தோழியாக நான் ஊதா நிறச் சேலையில் தேவாலயத்துக்குள் நடந்து வருகிற இடம் வரைக்கும் பார்த்தேன். அந்த இடத்தை மட்டும் நான்கு தரம் பார்த்தேன். முழுக் கசெட்டும் மூன்று மணி நேரம். மீதியில் நான் அதிகம் வரமாட்டேன் என்று தெரிந்ததால் நிறுத்திவிட்டேன்.

விசாரணை நாளில் கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தடித்த கோப்பு. (தடிப்புக்காக உள்ளே சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாள்கள்.) தொலைக்காட்சியும் வீடியோ பெட்டியும் வேண்டும் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டிருந்தேன். சக்கரம் வைத்த ஒரு தாங்கியில் அவை தயாராக நின்றதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மேசையின் தலைப்பக்கம் விசாரணை அதிகாரி, வெள்ளைத் தலைமுடியும் கனிவான முகமும் உள்ள ஒரு பெண்மணி. ஓரத்தில் அலுவலகத்தின் சார்பில் ஒருவர், அரைத் தூக்கத்தில். எதிரே மீனாட்சி தனியாக, மடியில் ஒரு கோப்பு. எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"வாங்கண்ணா. கை எப்படியிருக்கு?"

அத்தான் தரையைப் பார்த்தார். நான் அவருடைய காதில், "எதிர்த்தரப்போட கதைக்கக் கூடாது," என்றேன்.

(விசாரணை ஆங்கிலத்தில்தான் நடந்தது. அன்று நான் பேசிய ஆங்கிலத்தைத் திருத்தித்தான் தமிழில் தருகிறேன்.)

"உங்கள் பதிவுகளை எழுதுவது யார்?" என்று மீனாட்சியைக் கேட்டேன்.

"நான்தான். அந்தந்த நாளிலேயே எழுதிவிடுவேன்."

"பிழையே வராதா?"

"வந்ததில்லை."

ஒரு முறை தலையசைத்துவிட்டுக் கசெட்டைப் போட்டேன். தேவாலய வாசல், பூமாலை, மணியோசை. மூலையில் வெள்ளை எழுத்தில் அந்தத் திகதி. வரிசையில் மூன்றாவதாகக் கோட் போட்ட அத்தான். "இவர் அன்று முழு நாளும் எங்களோடுதான் இருந்தார். சிகிச்சைக்குப் போயிருக்க முடியாது. ஒரு திகதி பொய்யானால் இந்தப் பட்டியலையே நம்ப முடியாது," என்றேன். இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்திராது.

அதிகாரிக்குக் கல்யாணம் பிடித்துவிட்டது. "ஊதாச் சேலை நீங்களா? மிக அழகு," என்றார். நான் உருகிப்போனேன். பிறகு அவர், "முழு நாளும் என்றீர்களே. மாலைப் பகுதியையும் பார்த்துவிடுவோமே," என்றார்.

"தாராளமாக," என்றேன். கசெட்டை வேகமாக ஓட்டி, பாபடோயிட்டோய் மண்டபத்தில் நடந்த விருந்துக்குக் கொண்டுவந்தேன். பைலா ஆட்டம் தொடங்கியிருந்தது. பக்கத்தில் அத்தான் மிக மெல்லிய குரலில், "பிள்ளை, நிப்பாட்டு," என்றார். சட்டம் தெரியாத மனிதர், பதறுகிறார் என்று நினைத்தேன்.

திரையில் அத்தான் வந்தார். கோட் இல்லை. கழுத்தில் இருக்க வேண்டிய டை நெற்றியில் இருந்தது. இரண்டு கைகளும் தலைக்கு மேலே. இரண்டு சுற்று ஆடினார், குனிந்தார், மாப்பிள்ளையை அப்படியே தூக்கித் தன் வலது தோளில் வைத்தார். மாப்பிள்ளை மெலிந்த ஆள் இல்லை.

அதோடு போயிருந்தால், கண்ணிமைக்கிற நேரம்தான், யாரும் கவனிக்காமல்கூட விட்டிருப்பார்கள். ஆனால் எங்கள் வீடியோக்காரர் கலைஞர். அந்தக் காட்சியை மெதுவாக்கி, இதய வடிவத்துக்குள் போட்டு, மூன்று தரம் காட்டியிருந்தார். மூன்றாவது தரம் மேலேயிருந்து நட்சத்திரங்கள் கொட்டின.

அலுவலகத்துக்காரர் முழுதாக விழித்துக்கொண்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார். "அது எந்தத் தோள்?"

கடைசியில் அக்காதான், "வலது," என்றாள். விருந்து நேரத்தில் அவள் உள்ளே கேக் துண்டுகளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அத்தான் மாப்பிள்ளையைத் தூக்கியதை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

"அப்படியானால், நிலுவையை விடுங்கள், வாராந்தப் பணத்தையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்," என்றார் அவர்.

அந்த வாராந்தப் பணத்தில்தான் அக்காவின் வீட்டு மார்ட்கேஜ் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகள். கோப்பைத் திறந்தேன், ஆட்டிறைச்சி விலை தெரிந்தது, மூடினேன். இவ்வளவையும் நானே பணிவோடு தொலைபேசியில் கேட்டு, நானே பொத்தானை அழுத்தி நடத்தியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது.

அப்போது மீனாட்சி எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "அண்ணா, சொல்லிரட்டுமா?"

அத்தான் அக்காவை ஒருமுறை பார்த்தார். "சொல்லுங்கோ தங்கச்சி. இனி மறைச்சு என்ன."

மீனாட்சி கோப்பைத் திறந்து வாசித்தார். அந்தச் சனிக்கிழமை காலை ஏழரை மணி. கல்யாணத்துக்குப் போவதற்காகத் தோளில் பட்டி ஒட்டிக்கொள்ள வந்தார், எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. அடுத்தது திங்கட்கிழமை. தோள் வீங்கியிருக்கிறது, சட்டையைக் கழற்ற முடியவில்லை, கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. கல்யாணத்தில் ஒருவரைத் தூக்கியதாகச் சொல்கிறார். ஒரு நிமிடத்துக்கும் குறைவு. குணமாவது மூன்று வாரம் தள்ளிப்போகும். மிகவும் வருந்துகிறார். மனைவிக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார்.

"பூ எடுக்கப் போறனெண்டெல்லே சொன்னனீங்கள்?" என்றாள் அக்கா.

"பூவும் எடுத்தனான்," என்றார் அத்தான்.

பட்டியல் ஏறிக்கொண்டே போகிறது, இந்த வாரம் சிகிச்சை வேண்டாம் என்று அக்கா தடுத்திருந்தாளாம். அதனால்தான் ஒளித்துப் போயிருக்கிறார். மீனாட்சியின் பட்டியலில் திகதி மட்டும்தான் இருந்தது, மணி இல்லை. அது எனக்கு உறைத்தபோது அதிகாரி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமைப் பதிவு உண்மையானால் இவருடைய தோள் நிஜமாகவே கெட்டுத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிவுகளை நம்ப முடியாது என்று சற்று முன் சொன்னது நீங்கள்தானே?"

நான் எழுந்து நின்றேன். யாரும் எழச் சொல்லவில்லை. "ஒரு பதிவு உண்மையானால் எல்லாப் பதிவும் உண்மை," என்றேன்.

"நாற்பத்தொன்றுமா?"

"நாற்பத்தொன்றும்."

"அந்தச் சனிக்கிழமையுமா?"

"அது கட்டாயம்."

அலுவலகத்துக்காரர் மீனாட்சியின் கோப்பை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கையெழுத்து, திகதி, மை எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. வாராந்தப் பணம் தொடரும். மீனாட்சியின் உரிமைக் கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்டது. என் வாதத்தைப் பற்றிய குறிப்பு எதுவும் அதில் இல்லை, நல்லவேளை.

விசாரணை முடிந்த அன்று, கார் நிறுத்துமிடத்தில் அக்கா அத்தானிடம் ஒன்றுதான் கேட்டாள். "என்னத்துக்கு இந்த விசர் வேலை?"

அத்தான் கார்க் கதவை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "கலியாணத்துக்கு முந்தி அஞ்சு மாசமா எங்க போனாலும் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டாங்களப்பா. கையில இருந்த பையைக்கூட வாங்கி வைச்சாங்கள். ஒருக்கால் நானும் ஆம்பிளையளோட நிக்கோணும்போல கிடந்தது."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ அந்தக் கொப்பியை முழுக்கப் பாத்தனியோ?"

இந்தக் கேள்வி அதற்குப் பிறகு என்னை விடவேயில்லை. முதல் கார் வாங்கினேன், கேட்டார்கள். மார்ட்கேஜ் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன், கேட்டார்கள். கல்யாணம் செய்யப்போகிறவரை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, அவருக்கு முன்னாலேயே அக்கா தேநீர் ஊற்றிக்கொண்டு, "முழுக்கப் பாத்தனியோ?" என்றாள். அவர் நான் அவரைப் பற்றி ஏதோ வதந்தி கேள்விப்பட்டிருக்கிறேன் என்று நினைத்து இரண்டு நாள் பேசவில்லை. இங்கே பிறந்த என் மகள் அதையே ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

அத்தானின் வலது கை இன்றைக்கும் காதுக்கு மேலே போவதில்லை. துணி காயப்போடுவது அக்காதான். அந்தக் கசெட்டைப் பிள்ளைகள் டிஸ்க்கில் மாற்றி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் போடுகிறார்கள், நேரே பைலாவுக்குப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை மேலே ஏறியதும் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். போன வருடம், இரண்டாவது தரமும் அதே காட்சி வந்தபோது யாரோ வேகமாக ஓட்டப் போனார்கள். குசினிக்குள்ளிருந்து ஈரக்கையோடு வந்து நின்ற அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஓட்டாதேங்கோ. மூண்டு தரமும் போகட்டும்."