பேனர் டின்னுக்குள் போன ஆளுயர மண்

என் கோப்பில் ஒரு கடிதம் இருக்கிறது. உறையின் மேல் “வந்தது: ஆடி இரண்டாம் வெள்ளி, காலை 11.20” என்று குறித்து வைத்திருக்கிறேன். அனுப்பியவர் தொல்நிலவியல் கழகத்தின் செயலாளர். பழங்கால மனிதர்கள் வாழ்ந்த இடங்களின் மண்ணையும் கல்லையும் ஆராயும் பேராசிரியர்கள் நடத்துகிற கழகம் அது. திருச்சுழிப் பக்கம் பானை ஓடுகள் கிடைக்கும் இடங்களை நான் பல வருடங்களாகக் குறிப்பேட்டில் எழுதி வந்ததால் என்னையும் உள்ளூர் உறுப்பினராகச் சேர்த்து, கூட்டக் குறிப்பு எழுதும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். கடிதத்தின் இரண்டாம் பத்தி இப்படிப் போகிறது: “மாணவர்களே கழகத்தின் எதிர்காலம். ஆகவே ஆண்டுக் கூட்டத்துக்கு மாணவர்களைத் தவறாமல் அழைத்து வரவும். நாற்காலி போட ஆள் போதவில்லை.”

அந்த எதிர்காலத்துக்கு எங்கள் வட்டாரம் கொடுத்த ஒரே உறுப்பினர் மண்ணுதின்னி. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே அவர் நாக்கில் படாத கண்மாய் கிடையாது. மண்ணை உழுதவர்கள் உண்டு, விற்றவர்கள் உண்டு, அதற்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. மண்ணைத் தின்றே பட்டப் படிப்புக்குப் போனவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

பதினைந்து வருடம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் வேலை பார்த்தவர். குழாய் வழியே மேலே பொங்கிவரும் சேற்றை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். “நிறுத்திருங்கண்ணே, இதுக்கு மேல உப்புத்தான்” என்பார். கேட்காமல் இறக்கியவர்களுக்கு உப்புத்தான் கிடைத்தது. நாற்பதாவது வயதில், இத்தனை நாளாகத் தின்றது என்னவென்று தெரிந்துகொள்ள நிலவியல் படிக்கப் போய்விட்டார்.

பாளையம்பட்டி டீக்கடையில் ஒரு மிடறு குடித்துவிட்டு, “மாஸ்டர், இது பந்தல்குடிப் பக்கத்து லாரித் தண்ணியா?” என்று கேட்பார். “ஏலே, டீயக் குடி. தண்ணிக்கு ஜாதகம் பாக்காத” என்பார் மாஸ்டர். கோயிலில் திருநீற்றை வாயில் போட்டுவிட்டு, “சாமி, இதுல சாம்பல விடச் சுண்ணாம்புதான் கூட” என்று கூட்டத்துக்கு நடுவே சொன்னார். மறுநாளிலிருந்து பூசாரி அவர் கையில் திருநீறு கொடுப்பதை நிறுத்திவிட்டு நேராக நெற்றியிலேயே அப்பி அனுப்பினார். அவருடைய மனைவி என்னிடம் ஒருமுறை அழாத குறையாகச் சொன்னார்: “சோத்துல கல்லு கெடந்தா மத்த ஆம்பளைக தட்டத் தூக்கி எறிவாக. இவுக இந்தக் கல்லு எந்த ஊருன்னு கேக்குறாகண்ணே!”

கழகத்தில் சேர விண்ணப்பத்தோடு போனபோது செயலாளர் அவரைப் பார்த்து, “பையன் எங்க? உள்ள வரச் சொல்லுங்க” என்றார்.

“நாந்தான் சார் பையன்.”

செயலாளர் அவரைவிட வயதில் சின்னவர். கையெழுத்துப் போடும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாணவ உறுப்பினருக்கு மூன்று உரிமைகள். கூட்டத்துக்கு நாற்காலி போடலாம். பேராசிரியர் குழியில் இறங்கும்போது குடை பிடிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை மாணவர் அமர்வில் பத்து நிமிடம் பேசலாம். “அந்தப் பத்து நிமிசத்துக்காகத்தான் அய்யா மத்த ரெண்டும்” என்பார் என்னிடம். வெயிலில் அவர் பிடித்த குடைக்குக் கணக்கில்லை.

பேச அவரிடம் ஒன்று இருந்தது. திருச்சுழிக்கு அப்பால் ஒரு கண்மாயில் முதுமக்கள் தாழிகள் உடைந்து கிடந்தன. இந்த வறண்ட பூமியில் நல்ல களி ஏது, தாழிகள் வெளியூரில் செய்து கொண்டுவரப்பட்டவை என்பது கழகத்துப் பெரியவர்களின் முடிவு. மண்ணுதின்னி தாழி ஓட்டைக் கடித்துப் பார்த்தார். பிறகு கண்மாய்க்குள் தானே ஒரு குழி வெட்டினார். மேலே கரிசல், அதன் கீழே சுண்ணாம்புக் கட்டி, அதற்கும் கீழே கெட்டி மண், ஆளுயர ஆழத்தில் சாம்பல் நிறக் களி. என்றோ செத்துப்போன ஓடையின் களி அது. தாழி ஓட்டில் பல்லில் நெரிந்த அதே கூர்மையான மணல் அதிலும் இருந்தது.

“வெளியூராவது ஒண்ணாவது! இந்த மண்ணுலதான் அய்யா செஞ்சிருக்காக. நம்மூருல ஒண்ணுமே இல்லேன்னு எத்தன நாளைக்குத்தான் எழுதுவாக?”

பெட்டிக்கடை மிட்டாய் பாட்டில்கள் எட்டில் மண்ணை எடுத்து வைத்தார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு, ஆளுயரம் என்று சீட்டு ஒட்டினார். அடுத்த மாதமே கண்மாய் தூர்வார இயந்திரம் வந்து, குழி இருந்த இடத்தை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனது. அதன்பின் அந்தக் களிக்குச் சாட்சி பாட்டில்கள் மட்டும்தான்.

ஆண்டுக் கூட்டம் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பொன்னாடை போர்த்துவது மட்டும் காலை 10.15 முதல் 11.50 வரை. மாணவர் அமர்வில் காட்டுவதற்காக மண்ணுதின்னி எட்டு பாட்டில்களையும் கொண்டுவந்து வாசல் மூலையில் வைத்திருந்தார். மதியம் ஆடிக் காற்று கிளம்பி, வாசலில் சிறப்பு விருந்தினரின் படத்தோடு நின்ற பிளெக்ஸ் பேனரைச் சாய்த்தது. கம்புகளை நட்டிருந்த எண்ணெய் டின்கள் இரண்டிலும் பாதிக்குத்தான் மண். மண்ணுதின்னி அப்போது சாப்பாட்டுக் கூடத்தில் பேராசிரியர்களுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். செயலாளர் வாசலில் நின்ற மாணவர்களிடம் கத்தினார்: “அந்த மூலைல பாட்டில்ல மண்ணு இருக்குல்ல? கொட்டி நிறுத்துங்கப்பா!”

மண்ணை ஆராய்வதற்கென்றே உள்ள கழகத்தில் ஒருவர்கூட அது என்ன மண் என்று கேட்கவில்லை. எட்டு பாட்டிலும் காலியாயிற்று. பேனர் நிமிர்ந்தது.

மண்ணுதின்னி கைகழுவிவிட்டு வந்து பார்த்தார். டின்னின் அருகே மண்டியிட்டு, கைப்பிடி கைப்பிடியாக எடுத்து நாக்கில் வைக்க ஆரம்பித்தார். “இது இடுப்பு. இது நெஞ்சு. இது கலந்துருச்சு.”

சமையல்காரர் எட்டிப் பார்த்து, “யோவ், பந்தியில எடம் இருக்கு. அத ஏன்யா திங்குற?” என்றார்.

காருக்காக வெளியே வந்த சிறப்பு விருந்தினர் நின்றார். கார் திரும்புகிற இரண்டு நிமிடத்தில் மண்ணுதின்னி அண்ணாந்து பார்த்து ஓடை, களி, தாழி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். விருந்தினர் கவனமாகத்தான் கேட்டார். காரில் ஏறும்போது, “யார் அவர்?” என்று செயலாளரிடம் கேட்டார்.

“டிரைவர் சார்.”

அன்று மாலை என் குறிப்பை வாங்கிப் படித்தார் மண்ணுதின்னி. “4.10: மாணவர் அமர்வு நேரமின்மையால் கைவிடப்பட்டது” என்று எழுதியிருந்தேன்.

“மண்ணக் கொட்டுனத எழுதலையா அய்யா?”

“அதையெல்லாம் எழுதுற வழக்கமில்ல தம்பி.”

“டீ குடிச்ச நேரத்த எழுதிருக்கீக?”

2.35க்கு அவர்கள் கொட்டியபோது நான் மூன்றடி தள்ளி நாற்காலியில்தான் இருந்தேன். பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கவும் முடிந்தது. கூட்டத்தைக் கெடுக்க வேண்டாம் என்று குனிந்து நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

மறு ஆண்டு கழகத்தின் இதழில் சிறப்பு விருந்தினரின் கட்டுரை வந்தது. தாழிகள் உள்ளூர்க் களியில் செய்யப்பட்டவை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். கடைசி வரியில் “களப்பணியில் உதவிய மாணவர்களுக்கு” நன்றி. அதைக் காட்டப் போனபோது மண்ணுதின்னி படிப்பை விட்டுவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். “போர் வண்டியில வடக்க போறேன் அய்யா. அங்கயும் மண்ணுதான?” என்றார். இதழைக் கையால் தொடவில்லை.

டின்கள் இரண்டும் என் வீட்டில்தான் இருக்கின்றன. கூட்டத்துக்கு மறுநாள் காலை மண்டபத்துக்குப் போய் ஆட்டோவில் ஏற்றி வந்தேன். துளசி வைக்கலாமே என்கிறாள் மனைவி. கிளறக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். மழை வந்தால் முதலில் அவற்றைத்தான் உள்ளே இழுக்கிறேன், கொடியில் துணி நனைந்தாலும். ஆளுயரக் களி அடியில் கலக்காமல் இருக்கிறதா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. சரிபார்க்கத் தெரிந்தவர் ஊர் திரும்பவில்லை.