தாம்பாளத்தில் ஒரு கடற்கரை மாவட்டம்

கேள்வியறிவு பெருஞ்செல்வம், ஏட்டைத் தொடாதவனையும் சான்றோர் அவையில் அமர்த்த வல்லது. அச்செல்வம் அளவு கடந்து சேர்ந்துவிட்ட ஓர் இனத்தாரை, வாசகரே, நீங்கள் அறிவீர்கள்: பிள்ளை அயல்நாடு போக, தாம் பாஸ்போர்ட்டும் எடுக்காமல், ஞாயிறுதோறும் வரும் தொலைபேசி வழியாகவே அந்நாட்டை ஆண்டுகொண்டிருக்கும் தந்தையர். வேங்கிக்கால் கோதண்டராமன் அவ்வினத்தின் திலகம்.

அவர் மகன் பாலாஜி கணினி வேலைக்காகக் கலிபோர்னியாவின் சான் டியாகோ கவுண்டிக்குப் போனது இரண்டாயிரத்தில். அன்று முதல், கீரைக்காரி விலை சொன்னாலும், பௌர்ணமிக்கு வந்த வெளியூரார் கிரிவலப் பாதைக்கு வழி கேட்டாலும், "கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரிங்க. ஜனத்தொகை கொஞ்சம் ஜாஸ்தி, இருபத்தெட்டு லட்சம். வருஷம் பூரா இதமான வெயிலு" என்று தொடங்கி, மேற்கே கடலில் கால் நனைத்து, கிழக்கே மலையேறி, அதற்கப்பால் பாலைவனத்தில் அலைந்து, தெற்கே மெக்சிகோ எல்லையைத் தொட்டுத்தான் திரும்புவார். வழி கேட்டவர் அதற்குள் மலையையே சுற்றி வந்திருக்கலாம்.

மகள் அன்புச்செல்விக்கு நிச்சயதார்த்தம். அடி அண்ணாமலையிலிருந்து மாப்பிள்ளையின் தந்தை அப்பாதுரை குடும்பத்தோடு வந்திருந்தார். ராகு காலம் பிறக்குமுன் தட்டு மாற்றியாக வேண்டும். கோதண்டராமனின் மனைவி ராணியம்மாளுக்கு அது ஒன்றே கவலை. முன்பு வந்த வரன்கள் எல்லாம் கணவரின் கடற்கரையைக் கடப்பதற்குள் களைத்து எழுந்து போனவை.

அப்பாதுரை மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்: "உங்க பையன் எந்த ஊர்ல கீறாருங்க?"

கேட்கலாமா?

கோதண்டராமன், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தரவேண்டிய தாம்பாளத்தையே முன்னால் இழுத்தார். வெற்றிலையைப் பரப்பினார், பசிபிக் மாக்கடல். வாழைச்சீப்பு கடற்கரை ஆயிற்று, தேங்காய் மலை ஆயிற்று, மஞ்சள்தூள் பாலையாய் விரிந்தது. முன்னோர் ஐந்தாய் வகுத்த நிலங்கள் முண்டியடித்துக்கொண்டு ஒரே தட்டில் ஏறின.

"நாழியாவுதுங்க" என்றார் ராணியம்மாள்.

"இரு, பாலைவனம் இன்னும் முடியல."

அப்பாதுரை தட்டுக்குக் கை நீட்டினார்.

"பாத்துங்க சம்மந்தி, கடல் கலையுது."

நீட்டிய கை பயந்து திரும்பியது. மாப்பிள்ளையின் தாய் ஆராயி முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார். "ராகு காலம் வந்துடும். இன்னொரு நாளு பாத்துக்கலாங்க."

"ஏன் அவசரப்படறீங்க? அங்க இப்ப ராத்திரி. ராகு காலமே கெடையாது."

ராணியம்மாள் குனிந்து தாம்பாளத்தைத் தூக்கினார். மலை உருண்டு கடலில் விழுந்தது. "இந்தாங்கண்ணா, கவுண்டியோட வாங்கிக்குங்க" என்று அப்பாதுரையின் கையில் வைத்தார். ஆராயி கொடுத்த தட்டைத் தாம் வாங்கிக் கணவர் கையில் திணித்தார். நிச்சயம் நிறைவேறிற்று. ராகு வாசல்வரை வந்து வெறுங்கையோடு நின்றது.

கோதண்டராமன் புதுத் தட்டைக் கனிவோடு நோக்கினார்.

"நல்லதாப் போச்சு. மெக்சிகோவுக்கு எடம் பத்தாம இருந்துச்சு."

நகைக்கிறீர்களா? உங்கள் மருமகன் சிங்கப்பூரில் இருக்கிறாரோ? போன வாரம் அவ்வூர்ச் சாலைகளின் தூய்மையை நீங்கள் விரித்துரைத்தபோது, எதிரிலிருந்தவர் செருப்பைத் தேடியதைக் கவனித்தீர்களா?

அது நிற்க. உண்ணாமுலையம்மை அருளால் கோதண்டராமன் இல்லம் வாழையடி வாழையாய்த் தழைக்கட்டும். அங்கே பிறக்கும் பேரப்பிள்ளைகள் அனைவருக்கும் உள்ளூரிலேயே வேலை கிடைக்கட்டும்.