தறிப் பிளேட்டில் எடுத்த சேவ்

தோல் எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று நம்பிய ஒருவர்தான் சேவ் எடுக்கும் ரேசரைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவர் என்னைச் சந்திக்கவில்லை. சந்தித்திருந்தால் அந்த வேலையை விட்டுவிட்டுக் குடை செய்யப் போயிருப்பார்.

என் தோலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்த எல்லாவற்றிலும் பாதிக் குற்றம் அதனுடையது. (மீதிப் பாதி என்னுடையது. அதற்கும் வருகிறேன்.) நான் மருதமுனையில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவன். வீட்டில் இரண்டு தறி. கஞ்சி போட்ட நூல் கழுத்தில் உரசினாலே எனக்குத் தடித்துவிடும். புதுச் சாரன் உடுத்தால் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு அரைஞாண் விழும். சாரன் நெய்கிறவனின் மகனால் புதுச் சாரன் உடுக்க முடியாது என்று ஊருக்குத் தெரிந்தால் வியாபாரம் என்னாவது? ஆகையால் பெருநாளைக்கு எனக்கென்று நெய்த சாரனை உம்மா யாருக்கும் தெரியாமல் மூன்று தரம் தோய்த்துக் காயப்போட்டுத்தான் கையில் தருவார்.

இப்படிப்பட்ட முகத்தில் இருபத்திரண்டு வயதுவரை ரேசர் பட்டதில்லை. பட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தாடி என்று மரியாதையாகச் சொல்லத்தக்கது எதுவும் என்னிடம் இல்லை. தண்ணீர் பாயாத வயலில் விதைத்த நெல் மாதிரி அங்கொன்று இங்கொன்றாக முளைத்திருந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. அக்கரைப்பற்றுக்குப் போய் வரும்வரை.

அக்கரைப்பற்றில் ஒரு போடியார் இருந்தார். (வயற்காணி நிறைய உள்ளவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.) அறுவடைக்கு வரும் ஆட்களுக்குக் கொடுக்க ஒரு கட்டுச் சாரன் கேட்டிருந்தார். கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“வாப்பா, மூணாவது சாரன்ட கரை ஒரு பக்கம் ஒடுங்கியிரிக்கி. பாருங்க.”

பார்த்தோம். ஒடுங்கித்தான் இருந்தது. நான் நெய்தது அது. என் வாப்பாவின் கண்ணுக்குத் தப்பியதை, கதவிடுக்கால் பார்த்த ஒருத்தி பிடித்துவிட்டாள். எனக்கு வெட்கம் வந்தது. வெட்கத்தோடு இன்னொன்றும் வந்தது. திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் இருந்துகொண்டு, அந்தக் குரல் காலம் முழுக்க என் பிழைகளைச் சொல்லிக்கொண்டே இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். (அல்லாஹ் அந்த துஆவை ஒரு எழுத்துக் குறையாமல் ஏற்றுக்கொண்டான். அதை இன்னொரு நாளைக்குத்தான் எழுத வேண்டும், அவள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து.)

ராத்தாவிடம், அதாவது என் அக்காவிடம், மெல்லச் சொன்னேன். ராத்தா உம்மாவிடம் சொன்னார், உம்மா வாப்பாவிடம் சொன்னார். பேச்சு ஆறு மாதம் மருதமுனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் பஸ் ஏறி இறங்கியது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அசர் தொழுதுவிட்டு மாப்பிள்ளை பார்க்க வருவதாகப் போடியார் சொல்லியனுப்பினார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பான். அதனால் நிறுத்திவைத்துப் பார்க்கப்படுகிறவனும் அவன்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடியைப் பார்த்தேன். இந்த முகத்தை வைத்துக்கொண்டு போடியார் முன்னால் இருப்பதா என்று தோன்றியது. அந்த எண்ணம் வராமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ராத்தாவின் கணவர், என் மச்சான், அதே வழக்கப்படி எங்கள் வீட்டில் இருந்தார். கொஞ்சக் காலம் கொழும்பில் கடையில் நின்றவர். அங்கிருந்து ஒரு ரேசர் கொண்டுவந்திருந்தார். வாரத்தில் இரண்டு நாள் கிணற்றடித் தென்னையில் கண்ணாடியைக் கொழுவிவிட்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சேவ் எடுப்பார். பார்த்தால் வெண்ணெய் வழிப்பது போலத்தான் இருக்கும். அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என்னத்துக்கு என்பார், சொன்னால் சிரிப்பார். அன்று அவர் கல்முனை பஸாருக்குப் போயிருந்ததை அல்லாஹ்வின் அருள் என்றே நினைத்தேன்.

அவருடைய தகரப் பெட்டியில் ரேசர் இருந்தது, அதற்குள் பிளேட் இல்லை. புதுப் பிளேட்டுகள் கடதாசியில் சுற்றியபடி இருந்தன. பிரித்தால் கண்டுபிடித்துவிடுவார். எனவே தறிக்குப் போய், நூல் முடிச்சு வெட்டுவதற்காகத் தறிக்காலில் செருகியிருந்த பிளேட்டை எடுத்தேன். மூன்று கிழமையாக நூல் வெட்டிய பிளேட். நூலையே வெட்டுகிறது, முடியை வெட்டாதா என்பது என் கணக்கு. நுரைக்குக் கிணற்றடியில் கிடந்த உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம்.

முதல் இழுப்பிலேயே விட்டிருக்க வேண்டும். ஆனால் தறியில் ஒரு இழை போட்டால் பலகையை இரண்டு தரம் இழுத்து அடித்துப் பழகிய கை இது. அப்போதுதான் துணி இறுகும். அதே பழக்கத்தில் ஒவ்வொரு இடத்தையும் இரண்டு தரம் இழுத்தேன். பிறகு கீழிருந்து மேலாக இன்னொரு தரம். பிறகு காதோரக் கிருதா இரண்டும் ஒரே அளவா என்று பார்த்தேன். கரை ஒடுங்கிய அவமானம் மனதில் இருந்ததே. இடது பக்கம் கொஞ்சம் நீளம். வெட்டினேன். இப்போது வலது பக்கம் நீளம். சரிக்கட்டிச் சரிக்கட்டிப் போனதில் இரண்டு கிருதாவும் காதுக்கு மேலே போய் ஒளிந்துகொண்டன.

தண்ணீரை அள்ளி ஊற்றினேன். மிளகாய்த்தூளில் முகம் கழுவியது போல இருந்தது. ஜும்ஆவுக்குப் போனபோது கன்னம் இரண்டும் சிவந்து, தாடையிலும் கழுத்திலும் பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அம்மை என்று நினைத்தாரோ என்னவோ, மெல்ல அடுத்த பாய்க்கு நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ராத்தா பிடித்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தறியில் பிளேட்டைக் காணவில்லை என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தவருக்கு என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. உம்மாவுக்குத் தெரிந்தால் போடியாரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்து, தன் முகப் பவுடரை எடுத்துப் பூசு பூசென்று பூசிவிட்டார். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனேன். உம்மா அடுப்படியில் வட்டிலப்பம் அவித்துக்கொண்டிருந்ததால் தப்பினேன்.

போடியார் தன் மச்சான் ஒருவரோடு வந்தார். ஸலாம் சொல்லி, கைகொடுத்து, பாயில் இருந்தோம். மழை வருவது போல இருட்டியிருந்ததால் பவுடர் அதன் கடமையைச் செய்தது. திரைச்சீலைக்குப் பின்னால் உம்மாவும் ராத்தாவும் நின்றார்கள். என் மச்சான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். எல்லாம் ஒழுங்காகப் போனது. வாப்பா மட்டும், வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை, உம்மாவின் கையை விட்டு ஒரு நாளும் பிரிந்ததில்லை என்று என்னைப் புகழ்வதாக நினைத்து ஒன்றைச் சொல்லிவைத்தார்.

போடியாருக்கு மனம் நிறைந்துவிட்டது. ஸலவாத்துச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன அத்தர்ச் சீசாவை எடுத்தார். நல்ல காரியத்தில் ஒருவருக்கொருவர் அத்தர் பூசுவது எங்கள் வழக்கம். வழக்கமாகக் கையில் பூசுவார்கள். அவருக்கு அன்று பாசம் கூடிவிட்டது. இரண்டு உள்ளங்கையிலும் ஊற்றித் தேய்த்து, என் இரண்டு கன்னத்தையும் ஏந்திப் பிடித்துத் தடவினார்.

“இனி நீங்க எங்கட ஊட்டுப் புள்ள,” என்றார்.

அந்த எரிவை எழுதிக் காட்ட எனக்குத் தமிழ் போதாது. கத்தாமல் இருக்கப் பல்லைக் கடித்தேன். கத்தல் நின்றது, கண்ணீர் நிற்கவில்லை. பவுடரில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடியது. தோள் குலுங்கியது. அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு விம்மல் கேட்டது. உம்மா. தன்னைப் பிரிய வேண்டுமே என்று மகன் அழுகிறான் என்று நினைத்து அவரும் தொடங்கிவிட்டார்.

போடியார் கையை எடுத்தார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமல் தள்ளிவைத்தார். அவருடைய மூத்த மருமகன் கலியாணம் முடித்து மூன்று வருடமாகியும் அந்தியானால் உம்மா வீட்டுக்குப் போய்விடுகிறவராம். சோறும் அங்கேதானாம். மூத்த மகள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். இதை அவர் யாரையும் குறை சொல்லாமல், தரையைப் பார்த்தபடி சொன்னார். பிறகு வாப்பாவைப் பார்த்து, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

“காக்கா, இந்தப் புள்ளக்கி உம்மாவ உட்டுப்போட்டு வர மனமில்ல. இழுத்துக்கிட்டுப் போறது பாவம்.”

எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்தார். அவர் நல்ல மனதோடுதான் போகப் புறப்பட்டார், அதுதான் என்னைக் கொன்றது. ஒரு பக்கம், பெற்ற மகன் தனக்காக அழுகிறான் என்று பூரித்து நிற்கும் உம்மா. இன்னொரு பக்கம், கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அந்தக் குரல். மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாத சபை அது. போடியார் செருப்பில் கால் வைத்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். மாமா என்று கூப்பிடும் உரிமை இன்னும் வரவில்லை என்பதுகூட நினைவில்லை.

“மாமா, நான் உம்மாக்காக அழல்ல. காலையில சேவ் எடுத்தன். அத்தர் பட்டு மொகம் எரியிது.”

திரைக்குப் பின்னால் விம்மல் சட்டென்று நின்றது.

என் மச்சான்தான் முதலில் பேசினார். தன் ரேசராலா என்று கேட்டார். ஓம் என்றேன். எந்தப் பிளேட் என்று கேட்டார். தறியில் கிடந்தது என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். போடியார் என்னைக் கையில் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், சால்வை நுனியால் பவுடரைத் துடைத்துவிட்டுத் தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. பிறகு தன் மச்சானைக் கூப்பிட்டார்.

“இஞ்ச வந்து பாரு. புல்லுப் புடுங்குற இடத்தில இவரு வயலயே உழுதிரிக்காரு.”

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து இருந்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து, வட்டிலப்பத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது கலியாண நாளைக் குறித்துவிட்டுத்தான் போனார். அவர் வீட்டுக்குப் போய் முழுக் கதையையும் சொன்னபோது மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். கிருதா இரண்டும் கடைசியில் சரி அளவாக வந்ததா என்று.

சம்பந்தம் பிழைத்தது. உம்மாவின் மனம்தான் பிழைக்கவில்லை. அன்று எனக்கு வட்டிலப்பம் இல்லை. அடுப்படிக்குப் போய்ப் பக்கத்தில் நின்றேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

“அரை மணித்தியாலம் எண்டாலும் சந்தோசமா இரிந்தன் மகன். அதயும் கெடுத்துப் போட்டாய்.”

நான் எதைச் சொல்லி அதைத் திருப்பிக் கொடுப்பது? முகத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் அழுதாலும் கேட்கப்படும் முதல் கேள்வி ‘சேவ் எடுத்தியா’ என்பதுதான். வெங்காயம் உரிக்கும் ராத்தாவிடம் கேட்டார்கள். விழுந்து முழங்கால் உரிந்த என் மகள்களிடம் கேட்டோம். இப்போது பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். கதையைச் சொல்கிறவர்கள் போடியாரின் உழவோடு நிறுத்திவிடுவார்கள், சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. எனக்கு அது நான்கு மாதம் கழித்துத்தான் முடிந்தது.

கலியாண நாள். காலையில் முடி வெட்டும் ஒஸ்தா வந்து கத்தியைத் தீட்டினார். தலைமுடியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது அக்கரைப்பற்றுக்குப் போகக் கார் வாசலில் நின்றது. என் உடுப்புப் பெட்டியை மச்சான் ஏற்றிவிட்டார். ஏற்றுமுன் பெட்டிக்குள் சாரன்களைத் தொட்டுப் பார்த்திருந்தேன், எல்லாம் மூன்று தரம் தோய்த்தது போல மெத்தென்று இருந்தன. ஸலாம் சொல்ல உம்மாவிடம் போனேன். அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். போடியார் பக்கத்து ஆட்கள்கூடச் சிரித்தார்கள்.

உம்மா மட்டும் சிரிக்கவில்லை. முக்காட்டுத் தலைப்பால் என் கன்னத்தைத் துடைத்தார். விரலால் தாடையைத் தடவிப் பார்த்தார்.

“சேவ் எடுத்தியா?”

“இல்ல உம்மா.”

“அத்தர்?”

“அதுவும் இல்ல.”

உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் திருப்பி, முதுகில் கைவைத்துக் கார்ப்பக்கம் தள்ளிவிட்டார்.

“அப்ப சரி. போயிட்டு வா.”